இஸ்தோப்பில் ஒரு தேவதூதனும் ஒரு பேயும்

எங்கள் வீட்டில் இருக்கும் ‘குட் ஓமென்ஸ்’ நாவலின் ஓரங்களில் பென்சிலால் ‘டெ’, ‘நீ’ என்று ஏகப்பட்ட எழுத்துகள் கிடக்கின்றன. டெ என்றால் டெரி பிராட்செட். நீ என்றால் நீல் கெய்மன். கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் எடுத்த பிரதி அது. இலங்கை மலையகத்து ஹட்டன் ஈரத்தில் நாலைந்து மழைக்காலம் கண்டதில் அட்டை உப்பி, தாள் விளிம்பெல்லாம் பூஞ்சணம். ஒரு சித்திரை லீவில் நானும் மாமா மகனும் லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், உட்கார்ந்து அதை மாறி மாறிச் சத்தமாக வாசித்தோம். ஒவ்வொரு நக்கலும் எவர் கையிலிருந்து வந்தது என்று இரண்டு பேரும் ஊகம் சொல்ல வேண்டும். பிழையாகச் சொன்னவன் சாயத்தண்ணி ஊற்ற வேண்டும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாததால் கடைசியில் அப்பாயிதான் ஊற்றினார்.

இருவர் சேர்ந்து எழுதிய புத்தகம் என்றதும் இந்த அரிப்பு யாருக்கும் வரும். எந்த வரி யாருடையது? யார் முதலாளி, யார் கூலி? சோகக் கதையாக இருந்தால் இந்தக் கேள்வி அவ்வளவு தொந்தரவு செய்யாது. சிரிப்புக் கதையில் செய்கிறது. சிரிப்பு ஒரு மனிதனின் குரல் போன்றது, இன்னொருவர் தொண்டையில் அதை எப்படி வைக்க முடியும் என்றே நாங்களும் நினைத்திருந்தோம்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1990 மே மாதம் லண்டனில் வெளிவந்த நாவல். உலகம் வருகிற சனிக்கிழமை முடியப்போகிறது. மோட்சத்தின் ஆளாக அசிராஃபேல், நரகத்தின் ஆளாக குரோலி. ஏதேன் தோட்டத்தில் பாம்பாக வந்தவன் குரோலி. கிழக்கு வாசலில் நெருப்பு வாளோடு காவல் நின்றவன் அசிராஃபேல். ஆதாமும் ஏவாளும் குளிரில் போகிறார்களே என்று வாளைத் தூக்கி அவர்களிடமே கொடுத்துவிட்டு, இப்போது மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று முழிக்கிறான். அந்த முதல் காட்சியிலேயே பாம்பு கேட்கிறது: நான் செய்ததுதான் நல்ல காரியம், நீ செய்ததுதான் கெட்ட காரியம் என்று ஆகிவிட்டால் என்ன பண்ணுவது? அதிலிருந்து ஆறாயிரம் வருடம் இரண்டு பேரும் பூமியில் வேலை பார்க்கிறார்கள். லண்டனில் ஒருவனுக்குப் பழைய புத்தகக் கடை. கடைக்கு வருகிறவர்களுக்குப் புத்தகம் விற்காமல் இருப்பதுதான் அவன் பாடு. இன்னொருவனுக்குப் பழைய பென்ட்லி கார். உலகம் முடிந்தால் நல்ல சாப்பாடும் பாட்டும் போய்விடுமே என்ற கவலையில் இருவரும் கூட்டுச் சேர்ந்து அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அந்திக்கிறிஸ்துவாக, அதாவது உலகத்தை முடித்துவைக்கும் சாத்தானின் பிள்ளையாக, வளர வேண்டிய குழந்தையோ, கன்னியாஸ்திரிகள் செய்த குழப்பத்தில் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறது. பதினொரு வருடம் இவர்கள் தவறான பையனைக் காவல் காக்கிறார்கள். சரியான பையன் ஒரு சின்ன ஆங்கிலக் கிராமத்தில் மூன்று சிநேகிதர்களோடு மரம் ஏறிக்கொண்டு திரிகிறான்.

இனி எழுதிய கதை. இரண்டு பேரும் முதலில் சந்தித்தது 1985 இல், லண்டனில் ஒரு சீன உணவகத்தில். கெய்மன் அப்போது பத்திரிகைக்கு எழுதும் இளைஞர், வயது 24. பிராட்செட் அவரைவிட 12 வயது மூத்தவர்; ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையின் முதல் நாவலை 1983 இல் வெளியிட்டிருந்தார், ஆனால் இன்னும் வேலையை விடவில்லை. அவருடைய வேலை என்ன தெரியுமா? பிரிட்டிஷ் மின்சார நிறுவனத்தில் அணு உலைகளுக்கான பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. அணு உலையில் ஒன்றும் நடக்கவில்லை என்று வருடக்கணக்காகப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், நாவலில் ஒரு அணு உலையையே காணாமல் போக்கி, அந்த இடத்தில் ஒரு எலுமிச்சை இனிப்பை வைத்துவிட்டுப் போகும் காட்சியைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் நான் இன்றுவரை பென்சிலில் ‘டெ’ தான். எனக்கும் உறுதியில்லை. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை.

சிறுவர் சேட்டைக் கதை ஒன்றின் பாணியில், அந்திக்கிறிஸ்து சேட்டைக்காரப் பையனாக இருந்தால் எப்படியிருக்கும் என்று கெய்மன் சுமார் 5,000 சொல் எழுதி நண்பர்களுக்கு அனுப்பினார். பிறகு ‘சேண்ட்மேன்’ படக்கதை வேலை வந்துவிட்டது. இதைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து பிராட்செட் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்று, அதை எனக்கு விற்றுவிடு, இல்லாவிட்டால் சேர்ந்து எழுதுவோம். கெய்மன் முட்டாளா என்ன, இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வரைவு சுமார் 9 வாரத்தில் முடிந்தது. இருவரும் ஒரே ஊரில் இருக்கவில்லை. பிராட்செட் காலையில் எழுதுகிறவர். கெய்மன் இராக்கோழி, மத்தியானம்தான் எழும்புவார். எழும்பினால் பதில் பதியும் தொலைபேசியில் பிராட்செட்டின் குரல் காத்திருக்கும். தினமும் நீண்ட பேச்சு. எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். பிறகு நெகிழ்வட்டைத் தபாலில் போடுவார்கள். மோடம் வழியாகவும் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள், அது அந்தக் காலத்து வேகம். அடுத்து வரப்போகிற நல்ல காட்சியை மற்றவர் எழுதுவதற்குள் தான் போய்ப் பிடித்துவிட வேண்டும் என்று ஓடினோம் என்று கெய்மன் சொல்லியிருக்கிறார்.

இந்தப் புத்தகம் ஏன் இவ்வளவு சிரிக்க வைக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. தனியாக எழுதுகிறவர் முகம் தெரியாத வாசகருக்காக எழுதுகிறார். அந்த வாசகர் சிரித்தாரா என்று தெரிய வருடமாகும். இவர்கள் இருவருக்கும் வாசகர் ஒருவர்தான். அவர் இன்று சாயந்தரமே தொலைபேசியில் இருப்பார், சிரித்தாரா இல்லையா என்பது காதிலேயே விழும். சிரிக்காவிட்டால் வெட்கம். சிரித்துவிட்டாலோ, நாளைக்கு அவர் அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

இது எங்களுக்குப் புதிதில்லை. மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிரைக்கு நிரை பாட்டு எறிவார்கள். ஒரு நிரையிலிருந்து ஒரு அடி போகும். பக்கத்து நிரையிலிருந்து எசப்பாட்டு திரும்பி வரும். கங்காணியின் குடை, கணக்கப்பிள்ளையின் மீசை, யாருடைய மாமியாரோ, எதுவானாலும். பதில் அடி முதல் அடியை விட ஒரு பிடி கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலையே சிரிக்கும். அந்தப் பாட்டு யாருடையது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது இரண்டு நிரைக்கும் நடுவில் உண்டானது.

இன்னும் பின்னுக்குப் போனால் இரட்டைப்புலவர் நிற்கிறார்கள். முதுசூரியரும் இளஞ்சூரியரும், ஒருவருக்குக் கால் இல்லை, மற்றவருக்குக் கண் இல்லை. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வெண்பாவின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் முடிப்பாராம். மதுரைக் குளத்தில் துணி துவைக்கும்போது துணி தண்ணீரோடு போய்விட்ட கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து நாம் அதைத் தப்பினால் அது நம்மிடமிருந்து தப்பாதோ என்று ஒருவர் கேலி செய்கிறார். ‘தப்பு’ என்றால் அடித்துத் துவைப்பது. தப்பிப் போவதும் அதுவே. மற்றவர் உடனே, இந்தக் கலிங்கம் போனால் என்ன, மதுரைச் சொக்கலிங்கம் இருக்கிறதே என்று முடிக்கிறார். கலிங்கம் என்றால் துணி. முதல் ஆள் ஒரு சிலேடை வைத்தான். இரண்டாவது ஆள் வேறு சிலேடையால் அதைச் சாமியிடம் கொண்டுபோய்விட்டான். ஒரே ஆள் எழுதியிருந்தால் இந்த வெண்பா இப்படித் திரும்பியிருக்காது. முதல் பாதி கேலியாகவே முடிந்திருக்கும்.

பிராட்செட்டும் கெய்மனும் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஆரம்பத்தில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கூட்டம் பெரும்பாலும் பிராட்செட்டிடம், உலகமுடிவில் வரும் நாலு குதிரைவீரர்கள் கெய்மனிடம். போகப்போகப் பாத்திரங்களை மாற்றிக்கொண்டார்கள், எல்லாப் பாத்திரத்திலும் இரண்டு கையும் பட வேண்டும் என்றே. ஒருவர் எழுதியதற்கு மற்றவர் அடிக்குறிப்புப் போடுவார். மூலப்பிரதியை வைத்திருந்தவர் பிராட்செட். சொற்களில் மூன்றில் இரண்டு பங்கைத் தட்டச்சு செய்தது தான்தான் என்று அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் யோசனை எவருடையது என்பதற்கு அவரிடமும் கணக்கில்லை. எங்கள் பென்சில் விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா? கெட்டிக்காரத்தனமான அடிக்குறிப்பு என்றால் டெ, புழு நெளிகிற பயங்கரம் என்றால் நீ என்று வைத்துக்கொண்டு போன எங்கள் சூத்திரம் பாதி வழியில் செத்துப்போனது.

பெரட்டுக் களமும் நரகத்துக் கந்தோரும்

நாவலின் உயிர் என்று எனக்குப் படுவது ஒரு சுடுகாட்டுக் காட்சி. நரகத்தின் இரண்டு பழைய பிசாசுகள் அன்றன்றைய வேலைக் கணக்கை ஒப்புவிக்கின்றன. ஒன்று ஒரு பாதிரியாரின் மனத்தைக் கெடுத்திருக்கிறது. இன்னொன்று ஒரு அரசியல்வாதியை. குரோலியின் முறை வருகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லண்டன் நடுப்பகுதியின் கைத்தொலைபேசி இணைப்புகளை எல்லாம் 45 நிமிடம் முடக்கினேன் என்கிறான். பழசுகளுக்கு விளங்கவில்லை. இதில் பாவம் எங்கே? குரோலியின் கணக்கு வேறு. எரிச்சலோடு அலுவலகத்துக்குத் திரும்புகிறவன் எழுதுவினைஞர் மேல் எரிந்து விழுவான். அவர் வேறு யார் மேலாவது விழுவார். சாயந்தரத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆத்மாக்களில் ஒரு சின்னக் கறை. ஒரு ஆளை முழுசாகக் கெடுக்கிற கைத்தொழிலுக்கும் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுக்கிற ஆலைத்தொழிலுக்கும் உள்ள வித்தியாசம்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இந்தக் காட்சிக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக் களம், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம். யார் எந்த மலைக்கு, யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர். பேர் என்றால் ஒரு நாள் கூலி. நிறுக்கிற இடத்தில் கொழுந்து குறைந்தால் பேர் குறையும். கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்தொரை, பெரியதொரை. அதற்கு மேல் நாங்கள் கண்ணால் பார்த்திராத கொழும்புக் கந்தோர், அதாவது அலுவலகம். கீழே நடப்பதற்கும் மேலே போகிற கணக்குக்கும் உள்ள தூரத்தில்தான் தோட்டத்துச் சிரிப்புகள் எல்லாம் பிறந்தன. ஸ்பெயினில் மதவிசாரணை என்ற பெயரில் மனிதர்கள் தாங்களாகச் செய்த கொடுமைக்கு நரகம் குரோலிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்புகிறது. அவன் போய் என்னவென்று பார்க்கிறான். பார்த்துவிட்டு ஒரு வாரம் குடிக்கிறான். தான் செய்யாத வேலைக்குப் பேர் போட்டுக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் அந்தப் பேரைப் பார்த்து வெட்கப்பட்டுக் குடித்தவர் யாரையும் நான் கண்டதில்லை.

இதைவிட முக்கியம் அந்த ‘ஏற்பாடு’. அசிராஃபேலும் குரோலியும் நூற்றாண்டுகளாக இரகசியமாக ஓர் உடன்பாட்டில் இருக்கிறார்கள். எப்படியும் அந்த ஊருக்குத்தான் நீ போகிறாய், என் சோதனையையும் நீயே செய்துவிடு. அடுத்த முறை உன் ஆசீர்வாதத்தை நான் செய்கிறேன். இரண்டு கந்தோருக்கும் கணக்குச் சரியாகப் போகும், இருவருக்கும் நடை மிச்சம். தொழிற்சங்கத் தலைவரும் கணக்கப்பிள்ளையும் களத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதையும், இருட்டிய பிறகு ஒரே தேத்தண்ணிக் கடையின் பின்பக்கம் ஒரு தட்டு முறுக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தவர்களுக்கு இது கற்பனைக் கதையே இல்லை. அவர்களைத் துரோகிகள் என்று சொல்லவும் வாய் வராது. இருபது வருடம் ஒரே மலையில் எதிரெதிரே நின்றவனை உனக்குத்தான் நன்றாகத் தெரியும். கொழும்பில் இருக்கிற உன் சொந்தக் கட்சிக்காரனுக்கு உன்னைத் தெரியாது.

இந்த இடத்தை மச்சான் தமிழில் சொல்லிக்கொண்டு போக, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அப்பாயி கையை நிறுத்தினார்.

“பேய்க்கும் மேல தொரை இருக்காரா?”

“இருக்காரு அப்பாயி. கணக்குக் குடுக்கணும்.”

“அப்ப அதுக்கும் பேர் வெட்டுவாங்களா?”

வெட்டுவார்கள் என்றோம். “பாவம்” என்றார் அப்பாயி. அதோடு அவர் குரோலியின் கட்சி.

நாவலை எழுதிய முறையும் நாவலின் கதையும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். இரண்டு ஆட்கள், இரண்டு விதமான கை, ஒருவர் வேலையை மற்றவர் செய்துவிட்டு, எது எவருடையது என்று மேலிடத்துக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்கள். தேவதூதனும் பேயும் எழுத்தாளர்களின் படம் என்று சொல்லவரவில்லை. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்து நடத்துகிற கூட்டு வேலையின் சுகம் எழுதியவர்களின் கையில் இருந்தது. அது பாத்திரங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

ரோதையில் முனி

வெளியூர் நண்பர் ஒருவர் இந்த நாவலில் சாமியைக் கேலி செய்கிறார்களே, உங்கள் பக்கத்து ஆட்களுக்கு உறுத்தாதா என்று கேட்டார். மாசி மாதம் ஒரு தோட்டத்துக்கு வந்து காமன் கூத்துப் பார்க்கச் சொன்னேன். காமன் பொட்டலில் விடிய விடிய நடக்கும். சிவன் நெற்றிக்கண் திறப்பதும், மன்மதன் எரிவதும், ரதி அழுவதும் நிஜமான பக்தி. விரதம் இருந்துதான் வேடம் கட்டுவார்கள். ஆனால் அதே பொட்டலில் கோமாளி வந்து எமனின் தூதனையே கலாய்ப்பான். முதல் நாள் இரவு சிவனாக நின்றவர் மறுநாள் பெரட்டில் நம் பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவார். சாமியும் சிரிப்பும் ஒரே பொட்டலில் நிற்பது எங்களுக்குப் பழகிய காட்சி.

இயந்திரத்தில் அமானுஷ்யம் குடியேறுவதும் அப்படித்தான். லண்டனைச் சுற்றிப் போகிற எம் 25 நெடுஞ்சாலை 1986 இல் முழு வட்டமாகத் திறக்கப்பட்டது. நீளம் 188 கிலோமீட்டர். நாவலில் அந்தச் சாலையின் வடிவமே குரோலி திட்டமிட்ட சாத்தானிய மந்திரக் குறி. தினமும் அதில் மாட்டிக்கொண்டு திட்டுகிற இலட்சக்கணக்கான ஓட்டுநர்கள், தங்களுக்குத் தெரியாமலே மந்திரத்தை உருவேற்றுகிறார்கள். ஆங்கில வாசகர் இதைக் கெட்டிக்காரக் கற்பனை என்று இரசிப்பார். நாங்கள் கொஞ்சம் வேறுவிதமாகத் தலையாட்டினோம். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதைமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். ஆளை இழுத்துப் போடக்கூடிய அந்தப் பெரிய சக்கரத்தில் ஒரு முனி இருப்பதாக நம்பி, வெள்ளைக்காரன் கொண்டுவந்த இயந்திரத்துக்கு எங்கள் ஆட்கள் பூசை போட்டார்கள். கவ்வாத்து வெட்டுவதற்கும் ஒரு சாமி உண்டு, கவ்வாத்துச்சாமி. சாலையில் ஒரு பிசாசு இருப்பதில் எங்களுக்கு என்ன ஆச்சரியம்? அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற ஏ 7 வீதியில் கினிகத்தேனை வளைவுகளை மேலிருந்து யாராவது படம் எடுத்து மந்திரவாதியிடம் காட்டினால் அவர் கட்டாயம் ஏதாவது வாசிப்பார்.

குரோலியின் காரில் எந்தக் கசெட்டையும் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் அது குயின் என்ற ஆங்கில ராக் குழுவின் பாட்டுத் தொகுப்பாக மாறிவிடும். பொகவந்தலாவை பஸ்ஸில் இந்த விதி இளையராஜாவுக்கு. இரண்டு வாரம்கூடத் தேவையில்லை, மூன்று வளைவு போதும்.

சிரிப்பு நின்றுபோன ஒரு பக்கமும் இருந்தது. பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்தின் நாலு குதிரைவீரர்கள் நாவலில் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். அதில் கொள்ளைநோய், பென்சிலின் பற்றி முணுமுணுத்துக்கொண்டே 1936 இல் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு மாசு வந்திருக்கிறார். இங்கே மச்சான், நம்ம மலைக்கு வந்த குதிரைவீரன் கோப்பி இலையில் வந்தான் என்றான். 1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் காணப்பட்ட இலைத்துரு நோய் இருபது வருடத்துக்குள் அந்தப் பயிரையே முடித்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த வெற்றிடத்தில் மலை முழுக்க ஏறியது. ஒரு பூஞ்சணம் வராவிட்டால் எங்கள் பேச்சில் பாதிச் சொற்கள் இருந்திருக்காது. இதுவரை சிரித்தோம். அடுத்து வந்தது பஞ்சம். நாவலில் அவர் அழகான, மெலிந்த வியாபாரி. சத்தே இல்லாத உணவைக் கண்டுபிடித்து, பணக்காரர்களைக் காசு கொடுத்துப் பட்டினி கிடக்க வைக்கிறார். கூர்மையான நக்கல். ஆனால் எங்கள் தோட்டங்களில் பஞ்சம் 1973, 74 இல் வந்தது. பட்டினியில் ஆட்கள் செத்தார்கள். அப்பாயி மரவள்ளிக்கிழங்கின் தோலையும் விடாமல் அவித்த கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். அந்தப் பக்கத்தில் எந்தப் பென்சில் எழுத்தும் இல்லை.

நைசும் நுணுக்கமும்

குறை சொல்லாமல் விட்டால் நாங்கள் நல்ல வாசகர்கள் இல்லை. நாவலின் நடுப்பகுதியில் சூனியக்காரிகளைப் பிடிக்கும் படையின் கடைசிக் கிழவர் ஒருவர் வருகிறார். ஒரே பகிடி பலமுறை வருகிறது. இறுதிக் காட்சியில் ஆட்கள் அதிகம், இடம் குறைவு. இங்கிலாந்தின் எண்பதுகளைத் தெரியாதவருக்குச் சில அடிக்குறிப்புகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும். 2019 இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிறவர்கள் தேவதூதனும் பேயும் வரும் பக்கங்கள் இவ்வளவு குறைவா என்று ஏமாறுவார்கள். உண்மைதான், இது ஒரு கூட்டத்தின் கதை.

ஈடு செய்வதற்கு ஆக்னஸ் நட்டர் இருக்கிறாள். பதினேழாம் நூற்றாண்டுச் சூனியக்காரி. அவள் எழுதிய தீர்க்கதரிசன நூல் 1655 இல் அச்சாகி ஒரு பிரதிகூட விற்கவில்லை. விற்காது என்று அவளுக்கு முன்பே தெரியும். எழுதியவருக்கு ஒரு பிரதி இலவசம் என்பதற்காகத்தான் அச்சிட்டாள். சொந்தக் காசில் கவிதைத் தொகுப்புப் போட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் நம் நண்பர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டு சிரித்தோம். அவளுடைய வாக்குகள் எல்லாம் அட்சரம் பிசகாமல் சரி. ஆனால் நடந்து முடிந்த பிறகுதான் விளங்கும். சந்தையில் தோற்றுப்போன வீடியோ நாடா வகையான பீட்டாமேக்ஸை வாங்காதே என்று அந்தக் காலத்திலேயே எச்சரிக்கிறாள். கோடாங்கியிடம் குறி கேட்டு வந்தவர்களுக்கு இந்த வகைத் துல்லியம் பழக்கம்.

அந்த நூலின் பெயரில் ஒரு சொல் இருக்கிறது: ‘நைஸ்’. இன்றைய ஆங்கிலத்தில் இனிமையானது என்று பொருள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் மிக நுணுக்கமானது என்று பொருள். இரண்டுக்கும் நடுவில்தான் நக்கல். தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று முட்டிக்கொண்டிருந்தபோது மாமி அடுப்படியிலிருந்து, சம்பலை இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொன்னார். அம்மியில் நைசாக அரைப்பது என்றால் நுணுக்கி அரைப்பது. பழைய பொருள் எங்கள் அம்மியிலேயே கிடக்கிறது. நைசாகப் பேசி நழுவுவது இன்னொரு பொருள். அது சூனியக்காரிக்கு இன்னும் பொருத்தம். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு மடிப்பை தமிழ் ஓசியில் கொடுத்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்துவிட்டார். கெய்மன் மேல் 2024 முதல் பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளை முன்வைத்திருக்கிறார்கள். சம்மதமில்லாமல் எதுவும் நடக்கவில்லை என்று அவர் மறுத்திருக்கிறார். தனி ஒருவர் எழுதிய புத்தகமாக இருந்தால் மூடி வைக்கலாம், வைக்காமலும் விடலாம், அது வாசகரின் முடிவு. இந்தப் புத்தகத்தில் அதுவும் எளிதில்லை. மச்சானின் தங்கை எங்கள் பிரதியைக் கையில் எடுத்துக் கேட்டாள், “‘நீ’ போட்ட பக்கத்தையெல்லாம் கிழிச்சிட்டா ‘டெ’ போட்டது மட்டும் மிஞ்சுமா?” மிஞ்சாது. எங்கள் எழுத்துகளே பிழை. அதோடு ஒவ்வொரு வரியிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். படித்து முடித்தாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது மச்சான் வேலைக்குக் கொழும்பில். நாங்கள் இருவரும் வாட்ஸ்அப்பில் முதல் சில பக்கங்களை மொழிபெயர்த்துப் பார்க்கிறோம், எங்கும் வெளியிடுவதற்கில்லை, சும்மா. எழுத எனக்குக் காலை, அவனுக்கு நடுச்சாமம். பாத்திரப் பட்டியலில் குரோலியின் பெயருக்கு எதிரே வரும் ஒரு சின்ன வரியில் மூன்று வாரமாக நின்றுவிட்டோம். அவன் மோட்சத்திலிருந்து விழுந்த தேவதூதன் என்று சொல்ல முடியாது, மெதுவாக, நோக்கமில்லாமல், கீழ்ப்பக்கமாக உலாவிவிட்டான் என்கிற மாதிரி வரி. நான் ‘சறுக்கினான்’ என்று போட்டேன். அதில் விபத்து இருக்கிறது, வேண்டாம் என்றான். அவன் ‘இறங்கினான்’ என்றான். அதில் முடிவு இருக்கிறது என்றேன். ‘வழி தவறினான்’ பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருந்தது. நேற்று விடியற்காலை எழும்பிப் பார்த்தால் ஒரு குரல் பதிவு. பின்னால் பஸ் சத்தம், லீவுக்கு வந்துகொண்டிருக்கிறான், கினிகத்தேனைக்குப் பக்கத்தில் எங்கேயோ.

“எழுதிக்கோடா. அவன் ஒன்னும் விழல. சும்மாத்தான் நடந்து போய்க்கிட்டிருந்தான். ரோடு எறக்கமா இருந்திச்சி.”